மாடே வராத கௌபாய் படங்கள்

என் அத்தைக்கு ஜெய்சங்கர் என்றால் உயிர். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் ஊரையே பங்கு போட்டுக்கொண்டிருந்த காலத்திலிருந்து கட்சி மாறாமல் ஜெய்சங்கர் பக்கம் நின்றவர். அதிலும் கோட்டு சூட்டில் துப்பறிகிற ஜெய்சங்கர் அவருக்கு இரண்டாம்பட்சம்தான். தலையில் அகலத் தொப்பி, இடுப்பில் தோட்டாப் பட்டை, முழங்கால்வரை பூட்ஸ், கீழே குதிரை. அந்த ஜெய்சங்கர்தான் அவருடைய ஆள்.

பென்னாகரத்தில் 1980களின் கடைசியில் படம் பார்க்க இரண்டு வழிகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஞ்சாயத்து டிவி. மற்ற நாள்களில் டூரிங் கொட்டகை. கொட்டகையில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்புயரச் சுவர். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தால்தான் முன்னால் இருப்பவர்களின் கொண்டை மறைக்காது. அத்தை மணல் குவிப்பதில் கெட்டிக்காரர். நான் ‘கங்கா’ பார்த்தபோது அது வெளிவந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. திரையில் மழை பெய்வதுபோல் கோடுகள் ஓடும். யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

அத்தைக்கு ஒரு பழக்கம் உண்டு. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இடைவேளைக்கு முன்பு ஏதோ ஓர் இடத்தில், சட்டென்று என் கையைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டிப்போவார். வேர்க்கடலை வாங்கித் தருவார். கடலைக்காரர் பொட்டலம் மடிக்கிறவரை இருவரும் இருட்டில் நிற்போம். உள்ளிருந்து குதிரைக் குளம்புச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் “வா, வந்துட்டான்” என்று இழுத்துக்கொண்டு ஓடுவார். அத்தைக்குக் கடலைமேல் அவ்வளவு ஆசை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

பெரியப்பா மகன் அப்போது எட்டாவது படித்தான். கௌ என்றால் மாடு, பாய் என்றால் பையன், கௌபாய் என்றால் மாடு மேய்க்கிற பையன் என்று அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். அதைப் பெருமையாக அத்தையிடம் சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு மாடு மேய்க்க அனுப்பப்பட்டவர் அத்தை. விழுந்து விழுந்து சிரித்தார்.

“மாடு மேய்க்கறவனா அவன்? ரெண்டு மணி நேரமா பாக்கறேன், ஒரு மாட்டையும் காணோமே பாப்பா. ஒம்பது வருசம் மேய்ச்சேன், எனக்கு எவன் குதிர குடுத்தான்?”

முப்பத்தைந்து வருடங்கள் கழித்தும் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதப் பார்க்கிறேன். நான் தமிழ் படித்தவள், தமிழ் கற்பிக்கிறவள். இந்தப் படங்களைப் பற்றிப் பேசுவது என் வேலையில்லை என்று சக ஆசிரியர்கள் சிலர் நினைக்கக்கூடும். நினைக்கட்டும்.

அந்தப் படங்களின் வம்சாவளி வேடிக்கையானது. அமெரிக்காவில் பிறந்த கதைவகையை இத்தாலியில் செர்ஜியோ லியோனே வேறு மாதிரி எடுத்தார். அவை உலகம் சுற்றி நம் ஊர்த் திரையரங்குகளுக்கும் வந்தன. 1969இல் வந்த ‘மெக்கன்னாஸ் கோல்ட்’ இந்தியாவில் ஓடிய ஓட்டம் பழைய ரசிகர்களுக்குத் தெரியும். 1971இல் தெலுங்கில் கிருஷ்ணா ‘மோசகாள்ளகு மோசகாடு’ எடுத்தார். கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கம், விஜயநிர்மலா ஜோடி, ராஜஸ்தான் பாலைவனம். அது ‘மோசக்காரனுக்கு மோசக்கார’னாகத் தமிழும் பேசியது. தமிழில் இந்த வகைக்குப் பெயர் வாங்கித் தந்தவர் ஒளிப்பதிவாளர் கர்ணன். 1970இல் ‘காலம் வெல்லும்’, 1972இல் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’, 1975இல் ‘எங்க பாட்டன் சொத்து’. இயக்கமும் அவர்தான். கேமராவைக் குதிரையோடு ஓடவிட்டவர். ஜெய்சங்கருக்கு அப்போது வெள்ளிக்கிழமை நாயகன் என்று பட்டம்.

அமெரிக்காவில் இந்தக் கதைகள் கொட்டகையைவிட வீட்டுக்குள்தான் அதிகம் வாழ்ந்தன. ‘கன்ஸ்மோக்’ என்ற தொலைக்காட்சித் தொடர் 1955இல் தொடங்கி 1975வரை இருபது வருடம் ஓடியது. அதில் கிட்டி என்றொரு பெண், மதுக்கடை நடத்துகிறவள். பத்தொன்பது வருடம் அந்தப் பாத்திரத்தில் அமாண்டா பிளேக் நடித்தார். ஊர்க்காவல் அதிகாரி மாட் டில்லனுக்கு அவள் துணை, தோழி, காயத்துக்குக் கட்டுப் போடுகிறவள். கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. நடந்தால் குதிரை லாயத்தில் நின்றுவிடும், கதையும் நின்றுவிடும். ‘பொனான்சா’ இன்னும் மோசம். 1959முதல் 1973வரை ஓடிய தொடர். ஒரு பண்ணைக்காரர், மூன்று மகன்கள். மூன்று மகன்களுக்கும் மூன்று தாய்மார். மூவரும் கதை தொடங்குவதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். சில கோடை விடுமுறைகளுக்கு முன் யூடியூபில் இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆண்கள் நிம்மதியாகக் குதிரையேறுவதற்கு எத்தனை பிரசவங்கள், எத்தனை விபத்துகள் தேவைப்படுகின்றன!

ஜேன் டாம்ப்கின்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1992இல் இந்தக் கதைகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பெண்ணியவாதி. இவற்றை ஆசை ஆசையாகப் பார்த்தவர் என்பதை அவர் மறைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்கள் எழுதி, பெண்கள் வாசித்த, வீடும் வழிபாடும் கண்ணீரும் பேச்சுமாக இருந்த நாவல்களுக்கு ஆண்கள் சொன்ன மறுப்புதான் இந்தக் கதைவகை என்பது அவர் வாதம். அதனால்தான் நாயகன் வாய் திறப்பதில்லை, வீட்டுக்குள் தங்குவதில்லை. இந்த வாதத்தை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஜெய்சங்கர் நிறையப் பேசுவார், பாட்டும் பாடுவார், அம்மா என்றால் உருகுவார். பேசாத ஆளைத் தமிழர்கள் நாயகனாக ஒப்புக்கொண்ட வரலாறு கிடையாது.

ஆனாலும் அந்தக் குதிரைக்காரன் எங்களுக்கு அந்நியனாகத் தெரியவில்லை. காரணம் நிலம் என்று நினைக்கிறேன். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் வழியில் காவிரி கண்ணில் படுவதற்கு முன்பு பாறையும் முள்ளும் சிவந்த மண்ணுமாக வறண்ட காடு வரும். வெயில் காலத்தில் அது அரிசோனாதான். முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலை என்று வகுப்பில் சொல்லித்தரும்போதெல்லாம் எனக்கு அந்த வழிதான் மனதில் ஓடும்.

அதைவிடப் பழைய காரணம் ஒன்றும் இருக்கிறது. துப்பாக்கியை எடுத்துவிட்டு வில்லைக் கொடுத்தால் கௌபாய் கதை எங்கள் மண்ணின் கதை. அடுத்த ஊர் மாடுகளை ஓட்டிவருவது வெட்சி, ஓட்டிப்போனதை மீட்டுவருவது கரந்தை. அந்தச் சண்டையில் செத்தவனுக்குக் கல் நடுவது வழக்கம். தமிழ்நாட்டில் நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்த பகுதி தகடூர் என்கிற எங்கள் தருமபுரியும் பக்கத்துச் செங்கமும்தான். பல்லவர் காலக் கற்களில் இன்ன மன்னனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்னான் சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான் என்று வட்டெழுத்தில் இருக்கும். மாடுகள் மூலையில் சிறிதாகச் செதுக்கப்பட்டிருக்கும், சில கற்களில் அதுவும் இருக்காது. அத்தையின் கேள்வியை அந்தக் கற்களிடமும் கேட்கலாம். மாடு எங்கே? அந்த மாட்டைக் கறந்தவள் எங்கே?

செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு. வீரனோடு ஒரு நாயும் அதில் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்வர்களைக் கடித்துக் காவல் காத்த நாய். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்த நாயின் பெயர் நமக்குத் தெரியும். அதற்குச் சோறு வைத்தவள் பெயர் தெரியாது. நாய்மேல் எனக்குக் கோபமில்லை. நன்றி மறவாத அந்த ஊரை மெச்சத்தான் செய்கிறேன். ஆனால் மாணவிகளை அழைத்துக்கொண்டு தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கோவிவன் கதையைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன். யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள். “பொண்ணுங்க கல்லு இல்லையா மேடம்?” இருக்கிறது. பெரும்பாலும் மாசதிக்கல்.

சரி, இப்படியெல்லாம் பெண்களை ஓரம் கட்டிய கதைகளை அத்தையும் நானும் ஏன் அவ்வளவு விரும்பினோம்?

எனக்குக் கிடைத்த முதல் பதில் எளிமையானது. கொட்டகையில் நான் கதாநாயகியாக இருந்ததே இல்லை. கையில் துணி மூட்டையோடு வாசலில் நின்று வழியனுப்புகிறவளாக என்னை ஒரு நொடிகூட நினைத்துக்கொண்டதில்லை. நான் குதிரைமேல் இருந்தேன். பிரிட்டனைச் சேர்ந்த லாரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரையில், சினிமா பார்க்கும் கண் ஆணின் கண்ணாகவே அமைக்கப்பட்டிருக்கிறது என்றார். அப்படியானால் பெண்கள் எதை ரசிக்கிறார்கள் என்று பலரும் கேட்டார்கள். 1981இல் அவரே அதற்கு ஒரு பின்குறிப்பு எழுதினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது ‘டூயல் இன் த சன்’ என்ற குதிரைக்காரப் படத்தைத்தான். பெண் பார்வையாளர் நாயகனின் உடைக்குள் நுழைந்துகொள்கிறார், ஆனால் அந்த உடை முழுதாகப் பொருந்துவதில்லை, உறுத்திக்கொண்டே இருக்கிறது என்கிற பொருளில் அவர் எழுதியதை எம்.ஃபில். படிக்கும்போது வாசித்தேன். பென்னாகரம் கொட்டகையில் மணல்மேட்டில் உட்கார்ந்திருந்த சிறுமியை அவர் பார்த்துவிட்டதுபோல் இருந்தது.

எங்கள் வீட்டில் எனக்குச் சைக்கிள் கிடையாது. மணிக்கு ஒரு ரூபாய் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டுவது அண்ணன்களுக்கு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் கற்றுத்தந்தது என்று செய்தித்தாளில் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. ஏழாம் வகுப்பில் திருட்டுத்தனமாக, குரங்குப் பெடல் போட்டு, நானே கற்றுக்கொண்டேன். ஹாண்டில்பாரைப் பிடித்த கைகளில் கடிவாளம்தான் இருந்தது. விழுந்து முட்டி சிராய்ந்தபோது ஜெய்சங்கர் மாதிரி எழுந்து தூசி தட்டிக்கொண்டேன். அந்தப் படங்கள் எனக்காக எடுக்கப்படவில்லை. நான் அவற்றிலிருந்து ஒரு குதிரையை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வெட்சி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களே துப்பாக்கி பிடித்த படங்களும் வந்தன என்பதை இங்கே சொல்ல வேண்டும். கே.எஸ்.ஆர். தாஸ் 1970இல் விஜயலலிதாவை வைத்து ‘ரௌடி ராணி’, 1972இல் ஜோதிலட்சுமியை வைத்து ‘பிஸ்டல்வாலி’ எடுத்தார். ஜோதிலட்சுமி 2016 ஆகஸ்டில் சென்னையில் காலமானபோது நான் வகுப்பில் அவரைப் பற்றிப் பேசினேன். மாணவிகளுக்கு அவர் கவர்ச்சி நடனக்காரி. ‘பெரிய ஹீரோ படத்தில் ஐந்து நிமிடம்’ என்பதே அவரைப் பற்றி அவர்களிடம் வந்து சேர்ந்திருந்தது. ஒரு காலத்தில் ஒரு முழுப் படத்தைத் தோளில் தூக்கிக் குதிரையேறியவர் என்பதை அவர்கள் நம்பவே இல்லை. போனவர்களை நினைப்பதிலும் ஆண்களுக்கு ஒரு நீளம், பெண்களுக்கு ஒரு நீளம்.

இதோடு நிறுத்தியிருந்தால் இது இனிமையான கட்டுரையாக இருந்திருக்கும். ஆனால் நான் வளர்ந்த காட்டில் துப்பாக்கிகள் நிஜமாகவே வந்தன.

1990கள் முழுக்க எங்கள் பக்கம் காட்டுக்குள் சந்தனக் கடத்தல், தேடுதல், கண்ணிவெடி, சோதனைச் சாவடி. அத்தை அப்போது புளி தட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். புளியம்பழத்தை ஓடு உடைத்து, நாரெடுத்து, கொட்டை நீக்கிக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மலைப்பாதையில் இருந்த ஓர் ஊருக்கு வாரக்கூலியோடு அரிசி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போனபோது வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். இவ்வளவு அரிசி யாருக்கு, காட்டுக்குள் யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று கேள்வி. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். அத்தை ரோட்டில் உட்கார்ந்து கல்லும் மண்ணுமாக அரிசியை அள்ளிக்கொண்டு வந்தார். அன்று இரவு முறத்தில் புடைத்துக்கொண்டே எங்களிடம் சொன்னார். கடைசியாகச் சொன்னது இது.

“ஜெய்சங்கர் மாதிரியே தொப்பி வெச்சிருந்தான் பாப்பா.”

அழவில்லை. சிரிக்கவும் இல்லை. ஒரு தகவலைப் போலச் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு அந்தத் தொப்பி பழைய தொப்பியாக இல்லை.

1992 ஜூன் 20. எங்கள் மாவட்டத்தின் கிழக்கே, அரூர் வட்டத்தில், சித்தேரி மலை அடிவாரத்து வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையினர், காவல்துறையினர், வருவாய்த்துறையினர் சேர்ந்து நுழைந்தார்கள். ஊரை அடித்து நொறுக்கினார்கள். பெண்களையும் குழந்தைகளையும்கூடச் சிறைக்கு அனுப்பினார்கள். பதினெட்டுப் பெண்களைப் பாலியல் வல்லுறவு செய்தார்கள். டாம்ப்கின்ஸ் புத்தகம் வந்த அதே வருடம்தான். அது தற்செயல், ஆனால் என் குறிப்பேட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

இந்த இடத்தில்தான் நான் விரும்பிப் பார்த்த கதைவகை என்னைக் கைவிட்டது. கௌபாய் படத்தில் நீதிக்கு ஒரு வடிவம் உண்டு. தொடக்கத்தில் ஒரு கொடுமை நடக்கும். பெரும்பாலும் ஒரு பெண்ணுக்கு நடக்கும், அம்மாவுக்கோ அக்காவுக்கோ. அவள் செத்துப்போவாள், அல்லது செத்துப்போக வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்வாள். மகன் அந்த ஓலத்தைக் காதில் வாங்கிக்கொண்டு வளர்வான், குறிபார்க்கப் பழகுவான், ஒருநாள் திரும்பி வருவான். பன்னிரண்டாவது ரீலில் கணக்குத் தீர்ந்துவிடும். கணக்குத் தீர்க்கிறவன் அவன். அவள் கணக்கின் முதல் வரி. அவளுக்கு வேண்டியது பழியா, மருந்தா, இழந்த ஆட்டுக்கும் மாட்டுக்கும் பதிலா, இல்லை அந்த ஊரில் தலைநிமிர்ந்து இன்னும் நாற்பது வருடம் வாழ்வதா என்று அந்தக் கதையில் யாரும் கேட்பதில்லை. கேட்பதற்கு அவள் அங்கே இல்லை.

வாச்சாத்திப் பெண்கள் சாகவில்லை. கதையின் தொடக்கத்திலேயே விலகிக்கொள்ள மறுத்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரிக் கட்சிக்காரர்களும் வழக்கறிஞர்களும் கூட நின்றார்கள், உண்மைதான். ஆனால் நீதிமன்றத்தில் நடந்ததைத் தன் வாயால் சொன்னவர்கள் அந்தப் பெண்கள். சி.பி.ஐ. விசாரணை வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர்: வனத்துறை 155, காவல்துறை 108, வருவாய்த்துறை 6. வழக்கு இழுத்துக்கொண்டே போனதில் 54 பேர் இறந்தே போனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் மீதியிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 17 பேர் வல்லுறவுக் குற்றவாளிகள். மேல்முறையீடு. மறுபடியும் பன்னிரண்டு வருடம். உயர் நீதிமன்ற நீதிபதி வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29, அதே தேதி, தண்டனை உறுதியானது. பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் தர உத்தரவு, அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும்.

முப்பத்தொரு வருடம். எந்த இயக்குநரிடம் இந்தக் கதையைச் சொன்னாலும் ‘விறுவிறுப்பு இல்லையே’ என்பார். குதிரை இல்லை. ஒரே நாளில் தீர்கிற கணக்கு இல்லை. பஸ் பிடித்து வாய்தாவுக்குப் போவது, வாசலில் காத்திருப்பது, தள்ளிவைத்த தேதியைக் குறித்துக்கொண்டு திரும்புவது, அடுத்த நாள் கூலிக்குப் போவது. இதுதான் நடந்தது. இதைத் தீரம் என்று அடையாளம் காண எனக்கு வெகுநாள் ஆயிற்று. 2011 தீர்ப்பு வந்த அன்று, வெட்கத்தோடு சொல்கிறேன், என் முதல் எண்ணம் ‘இவ்வளவுதானா’ என்பதாக இருந்தது. சிறுவயதிலிருந்து என் கண் வேறு ஒரு முடிவுக்குப் பழகியிருந்தது. யாராவது ஒருவன் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்து வர வேண்டும் என்று உள்ளே எதுவோ காத்திருந்தது. அந்தக் காத்திருப்பில் பதினெட்டுப் பெண்கள் நடந்து வந்ததை நான் பார்க்கத் தவறினேன்.

2004 அக்டோபர் 18 இரவு, எங்கள் வட்டத்திலேயே பாப்பாரப்பட்டி அருகில், அதிரடிப்படை வீரப்பனைச் சுட்டுக் கொன்றது. மறுநாள் தருமபுரி அரசு மருத்துவமனைக்கு ஊரே திரண்டு போனது. மாமாவும் போனார். சினிமா மாதிரி இருந்தது என்று வந்து சொன்னார். அத்தை கேட்டார். “யாரு ஜெயிச்சா?” மாமாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும்தான். இரண்டு பக்கமும் மீசையும் துப்பாக்கியும். நடுவில் அரிசி கொட்டப்பட்டவர்களுக்கு அங்கே பாத்திரம் ஏதும் இல்லை.

என் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போது மாணவிகள் இரண்டாகப் பிரிவார்கள். ஒரு கூட்டம், இனி அந்தப் படங்களைப் பார்க்கவே கூடாது என்னும். இன்னொரு கூட்டம், படம்தானே, பொழுதுபோக்குதானே என்னும். ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். “புடிச்சதுக்கு எதுக்கு மேடம் மன்னிப்பு கேக்கணும்?”

நல்ல கேள்வி. மன்னிப்பு கேட்க வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன். பத்து வயதில் நான் ஓட்டிவந்த குதிரையைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை. அது இல்லாவிட்டால் சைக்கிள் இல்லை, சைக்கிள் இல்லாவிட்டால் மேல்நிலைப் பள்ளி இல்லை, இந்த வகுப்பு இல்லை. ஆனால் பிரியத்துக்குச் சம்மன் அனுப்பலாம். வந்து நில், நீ எனக்கு எதைக் காட்டினாய், எதைப் பார்க்கவிடாமல் செய்தாய் என்று கேட்கலாம். அன்பு வைத்தவர்களுக்குத்தான் அப்படிக் கேட்க உரிமை. அன்பே வைக்காதவர்கள் அந்தப் படங்களைப் பற்றிச் சொல்லும் குறைகள் சரியாக இருந்தாலும் எனக்கு ஒட்டுவதில்லை.

எங்கள் தகடூருக்கு இது புதிய சங்கடமும் இல்லை. அதியமான் செத்தபோது அவ்வை அழுத அழுகை புறநானூற்றில் இருக்கிறது. கள்ளைப் பகிர்ந்துகொண்டவன், நெல்லிக்கனியைத் தந்தவன். அதே ஆள் கோவலூர்மீது படையெடுத்தவனும்தான். கோவலூர்ப் பெண்கள் அன்று என்ன பாடினார்கள் என்பது நமக்கு வந்து சேரவில்லை. அவ்வையின் துக்கம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பாட்டை நடத்தும்போது என் குரல் இன்றும் கம்முகிறது. கூடவே கோவலூரையும் சொல்லிவிடுகிறேன்.

2000 ஜூன் 3 அன்று ஜெய்சங்கர் இறந்தார். நான் சேலத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு வந்தபோது அத்தை செய்தித்தாளில் வந்த படத்தைக் கத்தரித்துக் கண்ணாடி அலமாரியில், கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் சொருகியிருந்தார். தொப்பி இல்லாத, வயதான, சிரித்த முகம். தொப்பி வைத்த படம் கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

“தொப்பி எதுக்கு? அவன் நல்லவன்” என்றார். அந்தப் பதிலை அப்போது நான் கவனிக்கவில்லை. அரிசி கொட்டிய பிறகு தொப்பியையும் மனிதனையும் அவர் தனித்தனியாகப் பிரித்து வைத்துவிட்டார் என்பது எழுதும்போதுதான் புரிகிறது. நான் முனைவர் பட்டம் வாங்கியும் செய்யாத வேலை.

கிருஷ்ணா 2022 நவம்பரில் போனார். அதற்கு மூன்று வருடம் முன்பே விஜயநிர்மலா. கர்ணனும் போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. அத்தைக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. கண்புரை அறுவை முடிந்து ஒரு மாதம் எங்கள் வீட்டில் இருந்தார். மதியத்தில் நான் போனில் பழைய படம் போட்டுக் கொடுப்பேன். அப்படி ஒருநாள் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளைக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். போனிலிருந்து ஒரு பெண் அலறும் சத்தம் கேட்டது.

“பாப்பா, இங்க வந்து இத தள்ளி உடு” என்று அத்தை கூப்பிட்டார்.

வந்து பார்த்தேன். எந்த இடம் என்று தெரிந்தது. எத்தனை படங்களில் அந்த இடம் வந்திருக்கிறது என்பதும், அந்த இடங்களில் நான் எங்கே நின்றிருந்தேன் என்பதும் தெரிந்தது. காட்சியைத் தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இதுக்குத்தான் கடல வாங்கக் கூட்டிட்டுப் போவீங்களா அத்தை?”

“கடல வாங்கத்தான் போனோம்” என்றார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “மொதவாட்டி நான் பாக்கறப்ப என்ன யாரு வெளிய கூட்டிட்டுப் போனா?”

போனில் குளம்புச் சத்தம் ஆரம்பித்திருந்தது. அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னார்.